ஆட்டோமேட்டிக் காருக்குத் தனி டிரான்ஸ்மிஷன் கூலர்: ரேடியேட்டரோடு சேர்ப்பதா, தனியாக விடுவதா?

ஏற்றக்காரன் எழுதியது:

வணக்கம். என் கார் டார்க் கன்வெர்ட்டர் வைத்த 6 கியர் ஆட்டோமேட்டிக், பெட்ரோல். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினால்தான் தகராறு. பாதி ஏற்றத்தில் கியர் மாறுவது முரடாகிறது, அப்புறம் கியர் ஆயில் சூடு என்று காட்டும் விளக்கு எரிகிறது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். இத்தனைக்கும் இன்ஜின் சூட்டுமுள் நடுவை விட்டு அசைவதில்லை.

கியர் ஆயிலைக் குளிர்விக்க வெளியில் தனி கூலர் வாங்கி மாட்டலாம் என்று இருக்கிறேன். மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த வகை கூலர்? எங்கே பொருத்துவது? ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் வைத்துக்கொள்வதா, அதைக் கழற்றிவிட்டு எல்லா எண்ணெயையும் புதுக் கூலருக்கே திருப்புவதா? பார்த்த வீடியோக்களில் பாதிப் பேர் ஒன்று சொல்கிறார்கள், மீதிப் பேர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள்.

---

திருகுச்சாவி எழுதியது:

தம்பி, கூலர் வாங்குவதற்கு முன்னால் சூட்டை அளந்து பாருங்கள். விளக்கு எரிகிறது என்பது ஒரு தகவல்தான். எந்த நிலையில் எத்தனை டிகிரி என்று தெரிந்தால்தான் கூலர் தேவையா, வேறு கோளாறா என்று சொல்ல முடியும்.

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் சூட்டின் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில்தான் பிறக்கிறது. இன்ஜின் பக்கத்து இறக்கைச் சக்கரம் வேகமாகவும், கியர்பெட்டி பக்கத்துச் சக்கரம் மெதுவாகவும் சுற்றும்போது நடுவில் இருக்கும் எண்ணெய் அரைபட்டுச் சூடாகிறது. லாக்-அப் கிளட்ச் பிடித்துவிட்டால் இரண்டும் ஒரே வேகம், வழுக்கல் இல்லை, சூடும் இறங்கிவிடும். சமவெளி நெடுஞ்சாலையில் உங்களுக்குத் தொல்லை இல்லாததும், மெதுவாக ஏறும் மலைப்பாதையில் விளக்கு எரிவதும் இதனால்தான். இன்ஜின் முள் நடுவில் நிற்பதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டின் சூடு. கியர் எண்ணெய் அதைவிட முப்பது நாற்பது டிகிரி மேலே இருந்தாலும் அந்த முள்ளுக்குத் தெரியாது.

வண்டியின் கோளாறு பார்க்கும் ஓபிடி பிளக்கில் மாட்டும் ப்ளூடூத் அடாப்டர் ஒன்றும், கியர் எண்ணெய் சூட்டைப் படிக்கத் தெரிந்த செயலியும் போதும். ஒன்று மட்டும் கவனம். இந்த அளவு பெரும்பாலான வண்டிகளில் பொதுப் பட்டியலில் வராது, தயாரிப்பாளருக்கே உரிய தனிக் குறியீடாக இருக்கும். உங்கள் மாடலுக்கான குறியீட்டைச் செயலியில் சேர்க்க வேண்டும்.

கூடவே மூன்றையும் பார்த்துவிடுங்கள்: எண்ணெய் அளவு சரியா, எண்ணெயின் நிறமும் வாடையும் எப்படி, ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை அடைத்திருக்கிறதா. இந்த மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. முன்னால் நின்று பார்த்தால் கண்டன்சர் பளபளவென்றுதான் தெரியும். மேல் தகட்டைக் கழற்றி இடுக்கில் டார்ச் அடித்தால் பஞ்சும் பூச்சியும் மண்ணும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருக்கும். அதைச் சுத்தம் செய்ததும் விளக்கே எரியாமல் போன வண்டிகள் உண்டு.

---

ஏற்றக்காரன் எழுதியது:

அண்ணே, அளந்துவிட்டேன். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் 88 முதல் 90. நகர நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்தால் 98. அதே மலைப்பாதையில் முழுப் பாரத்தோடு ஏறினால் 126 வரை போகிறது, அதை ஒட்டித்தான் விளக்கும் எரிகிறது. எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது. நிறம் சிவப்பு போய்ப் பழுப்பு, ஆனால் கருகின வாடை இல்லை. இடுக்கில் குப்பை இருந்தது, எடுத்துவிட்டேன். அதனால் சூடு இறங்கியது ஓரிரு டிகிரிதான்.

---

திருகுச்சாவி எழுதியது:

நல்ல அளவுகள். 90 என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஒழுங்காக வேலை செய்கிறது. நெரிசலில் 98 என்பதும் பயப்படுகிற எண் இல்லை. 126தான் எண்ணெயைக் கொல்கிறது. பட்டறைகளில் வாய்ப்பாடு மாதிரி ஒன்று சொல்வார்கள்: 80 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு 11 டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும். இன்றைய செயற்கை எண்ணெய்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, ஆனால் போகும் திசை அதுதான். 115, 120க்கு மேலே எண்ணெயிலிருந்து பசை மாதிரி ஒரு படிவு, கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியில் ஒட்டத் தொடங்கும். அதற்கும் மேலே ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சுழலில் மாட்டினால் பெட்டியைப் பிரிக்காமல் தப்ப முடியாது.

கூலர் மாட்டுவது நியாயம். அதற்கு முன்னால், காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மலையில் 'டி'யில் விட்டுவிட்டு மெதுவாக அழுத்திக்கொண்டு போகாதீர்கள். மேனுவல் நிலைக்கு மாற்றி ஒரு கியர் குறைத்து, இன்ஜின் சுற்றைக் கூட்டியே வைத்து ஏறுங்கள். கன்வெர்ட்டரில் வழுக்கல் குறையும், பல வண்டிகளில் அந்த கியரிலேயே லாக்-அப்பும் பிடிக்கும். இன்ஜின் இரைகிறதே என்று பதற வேண்டாம்.

---

நேர்வழி எழுதியது:

என் கருத்து: ரேடியேட்டர் கூலரை முழுக்கக் கழற்றிவிடுங்கள். சூட்டைப் பற்றிய பயத்தால் சொல்லவில்லை, கலப்படத்துக்குப் பயந்து சொல்கிறேன். ரேடியேட்டர் தொட்டிக்குள் ஒரு சின்னக் குழாய், உள்ளே கியர் எண்ணெய், வெளியே கூலண்ட். அந்தக் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் பால் மாதிரி கலங்கிய எண்ணெய் வரும். கூலண்ட்டில் இருக்கும் தண்ணீரும், கிளைக்கால் (glycol) என்ற ரசாயனமும் கிளட்ச் தட்டின் உராய்வுப் பூச்சை ஊறவைத்து, ஒட்டியிருக்கும் பசையையும் விடுவித்துவிடும். அப்புறம் எத்தனை முறை எண்ணெய் மாற்றினாலும் பயன் இல்லை.

2005 முதல் 2010 வரை வந்த நிஸ்ஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃப்ரண்டியர் வண்டிகளில் இந்தக் கோளாறு அமெரிக்காவில் வழக்குவரை போனது. அந்த வண்டிக்காரர்கள் பலர் கூலரைத் தனியாக்கியதே இதற்காகத்தான். ரேடியேட்டர் வழியாகப் போகாத எண்ணெயில் கூலண்ட் கலக்க வழியே இல்லை.

---

பனிப்பாதை எழுதியது:

நேர்வழி சொல்வது வெயில் நாட்டுக்குச் சரி. நான் இருப்பது குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் இடம். முந்தைய உரிமையாளர் ரேடியேட்டரை விலக்கிவிட்டுத் தனிக் கூலர் மட்டும் வைத்திருந்த வண்டி என்னிடம் வந்தது. குளிர்காலத்தில் எண்ணெய் 50 டிகிரியைத் தாண்டவே மறுத்தது. எண்ணெய் ஓரளவு சூடேறாமல் லாக்-அப் பிடிக்கக் கூடாது என்றுதான் கட்டுப்பாட்டுக் கணினி வைத்திருக்கிறது. லாக்-அப் தாமதமானதால் பெட்ரோல் கூடுதலாகக் குடித்தது, கியர் மாறுவதும் மந்தம். ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தக் குழாயைக் கூலர் என்றே எல்லோரும் சொல்கிறோம். காலையில் அது செய்யும் வேலை எண்ணெயைச் சூடாக்குவது. அதை நான் திரும்ப இணைத்த பிறகுதான் வண்டி சரியானது.

---

நேர்வழி எழுதியது:

அதற்குத்தான் தெர்மோஸ்டாட் வைத்த பைபாஸ் வால்வு இருக்கிறதே, பனிப்பாதை. எண்ணெய் ஏறக்குறைய 80 டிகிரி வரும்வரை கூலருக்குப் போகாமல் நேரே கியர்பெட்டிக்கே திருப்பிவிடும். அதையும் சேர்த்து மாட்டினால் குளிரிலும் தொல்லை இருக்காது.

---

திருகுச்சாவி எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏற்றக்காரன் தம்பி கேட்டது அவர் வண்டிக்கு. அதற்கு என் பதில்: இரண்டையும் வரிசையாக வையுங்கள். கியர்பெட்டியிலிருந்து வரும் சூடான எண்ணெய் முதலில் ரேடியேட்டர் கூலருக்கு, அங்கிருந்து புதுக் கூலருக்கு, அங்கிருந்து திரும்பக் கியர்பெட்டிக்கு.

ஏன் என்று சொல்கிறேன். கூலண்ட் 90 டிகிரியில் இருக்கிறது. அதனால் ரேடியேட்டர் கூலர் எண்ணெயை 90க்கு வெகு கீழே கொண்டுவர முடியாது. ஆனால் 126ஐக் கணிசமாக இறக்க முடியும், ஏனென்றால் திரவத்துக்குத் திரவம் சூட்டைக் கடத்துவது காற்றுக்குக் கடத்துவதைவிட எளிது. முதல் அடியை அது அடிக்கட்டும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். வரிசையை மாற்றி, காற்றுக் கூலரை முதலில் வைத்தால், அது 80க்கு இறக்கிக் கொடுத்த எண்ணெயை ரேடியேட்டர் திரும்ப 90க்கு ஏற்றி அனுப்பும். கடுங்குளிர் நாட்டில் அதுவே நல்லது. பனிப்பாதை வேண்டுமானால் அந்த வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

கலப்படப் பயத்துக்கு என் மருந்து வேறு. ரேடியேட்டர் பழையதா, கூலண்ட் காலாகாலத்தில் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ரேடியேட்டரையே மாற்றுங்கள். வெடிக்கப்போகும் ரேடியேட்டரை வைத்துக்கொண்டு கியர் எண்ணெயை மட்டும் தப்பிக்கவிட்டால், இன்ஜின் மாட்டிக்கொள்ளும். கலப்பட வரலாறு இருக்கும் மாடல் என்றால் மட்டும் நேர்வழி சொல்லும் வழியை, தெர்மோஸ்டாட் வால்வோடு சேர்த்து, நானும் சொல்வேன்.

---

நேர்வழி எழுதியது:

ரேடியேட்டர் புதிதென்றால் ஒப்புக்கொள்கிறேன். பழையதை வைத்துக்கொண்டு வரிசை இணைப்பு செய்வதை இப்போதும் ஏற்க மாட்டேன்.

---

ஏற்றக்காரன் எழுதியது:

ரேடியேட்டர் சமீபத்தில்தான் மாற்றியது, அதனால் வரிசையாகவே வைத்துவிடுகிறேன். கூலர் வகையைச் சொல்லுங்கள். வளைந்த குழாயில் தகடு கோத்த ரகம் மலிவாகக் கிடைக்கிறது. கூடவே கண்டன்சர் வழியாகக் குத்தி இறுக்குகிற பிளாஸ்டிக் குச்சிகளும் தருகிறார்கள்.

---

திருகுச்சாவி எழுதியது:

அந்தக் குச்சிகளைத் தொடவே வேண்டாம். கூலரை நேரே கண்டன்சரின் தகடுகள் மேல் வைத்துக் கட்டும் ஏற்பாடு அது. இன்ஜின் அதிர்வில் கூலர் நாள் முழுக்க நுண்ணியதாக உரசிக்கொண்டே இருக்கும். ஒரு வண்டியில் கழற்றிப் பார்த்தபோது, குச்சி புகுந்த இடத்தில் கண்டன்சர் குழாய் தாள் கனத்துக்குத் தேய்ந்து, சுற்றிலும் ஏசி எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய கருவட்டம் இருந்தது. கூலர் போட்டு கியர்பெட்டியைக் காப்பாற்றிவிட்டு ஏசியை இழப்பது எதற்கு? ரேடியேட்டர் தாங்கியின் மேல் கம்பியிலும் கீழ்க் கம்பியிலும் தகட்டுப் பட்டை வளைத்து போல்ட் போடுங்கள். கண்டன்சருக்கும் கூலருக்கும் நடுவில் விரல் அளவு இடைவெளி இருக்கட்டும்.

வகையைப் பொறுத்தவரை, வளைகுழாய் ரகத்தில் எண்ணெய் முழுவதும் ஒரே நீளக் குழாயில் போக வேண்டும், அழுத்த இழப்பு அதிகம். அடுக்குத் தகட்டு ரகத்தில் பல தட்டையான பாதைகள் பக்கம் பக்கமாக இருப்பதால் தடை குறைவு. அதே அளவு இடத்தில் சூட்டையும் கூடுதலாக இறக்கும். குளிர்ந்து கெட்டியான எண்ணெய் பெரும்பாலும் முதல் சில பாதைகளிலேயே போய்விடுவதால் காலையில் அளவுக்கு மீறிக் குளிர்வதும் குறையும். அடுக்குத் தகட்டையே எடுங்கள். கூலர் வழியாகக் கியர்பெட்டிக்குத் திரும்பும் இந்த எண்ணெய்தான் பல பெட்டிகளில் பேரிங்குகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் உராய்வு நீக்க எண்ணெயாகப் போகிறது. ஓட்டம் குறைந்தால் கூலரால் லாபத்துக்குப் பதில் நஷ்டம்.

---

நாலுசக்கரம் எழுதியது:

இடத்தைப் பற்றி ஒன்று. பம்பர் மூலையில் இடம் இருக்கிறது என்று அங்கே மாட்டிவிடாதீர்கள். ஓடும்போது காற்று வரும், நின்றால் வராது. உங்கள் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது காற்றைத் தருவது ரேடியேட்டர் விசிறி மட்டுமே. விசிறி இழுக்கும் வட்டத்துக்குள் கூலர் இருக்க வேண்டும்.

---

ஏற்றக்காரன் எழுதியது:

கூலரும் ஹோஸும் வாங்கியாயிற்று. இரண்டு குழாய்களில் எது போவது, எது வருவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையேட்டில் தெளிவாக இல்லை.

---

திருகுச்சாவி எழுதியது:

வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு வந்து, ரேடியேட்டர் அருகில் இரண்டு குழாய்களின் சூட்டையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள். அதிகச் சூடு உள்ளது கியர்பெட்டியிலிருந்து வருவது, குறைந்த சூடு உள்ளது திரும்புவது. சில கியர்பெட்டிகளிலேயே தெர்மோஸ்டாட் இருக்கும். எண்ணெய் சூடாகாமல் குழாயில் ஓட்டமே இருக்காது. அதனால் குளிர்ந்த வண்டியில் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால், வண்டி ஆறிய பிறகு, திரும்பும் குழாய் என்று நினைப்பதை ரேடியேட்டர் பக்கம் கழற்றி, ரேடியேட்டர் முனையில் ஒரு ஹோஸை மாட்டி அளவு குறித்த பாட்டிலில் விடுங்கள். ஒருவர் இன்ஜினைச் சில நொடி மட்டும் ஓட்டட்டும். எண்ணெய் ரேடியேட்டர் முனையிலிருந்து வந்தால் நினைத்தது சரி. அதே வேலையில் ஓட்டத்தையும் அளந்துவிடலாம். ஐடிலில் 20 நொடிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்பது பட்டறைக் கணக்கு. அதில் பாதிகூட வரவில்லை என்றால் பழைய கூலரில் அடைப்பு இருக்கலாம், புதியதை மாட்டினாலும் தீராது. தெர்மோஸ்டாட் உள்ள பெட்டியில் மட்டும் இந்த அளவைச் சூட்டிலேயே எடுக்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் முனை நட்டைத் திருப்பும்போது தொட்டிப் பக்கத்து அறுகோணத்தை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடியுங்கள். பிடிக்காமல் திருப்பினால் உள்ளே இருக்கும் குழாய் முறுகி, நேர்வழி பயந்த அதே கலப்படத்தை நம் கையாலேயே வரவழைத்துவிடுவோம்.

ஹோஸ் விஷயத்தில் சமரசம் கூடாது. டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கென்றே குறிக்கப்பட்ட ஹோஸ் வேண்டும், எஸ்ஏஇ ஜே1532 என்று மேலே அச்சடித்திருக்கும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் இந்தச் சூட்டில் விறைத்து வெடிக்கும். இரும்புக் குழாயை வெட்ட நேர்ந்தால் குழாய் வெட்டியால் வெட்டுங்கள். ரம்பம் போட்டால் இரும்புத் தூள் உள்ளே போகும். வெட்டிய முனையை அப்படியே விடாமல், கருவியால் ஒரு மேடு எழுப்புங்கள். மேடு இல்லாத வழவழப்பான குழாயிலிருந்து ஹோஸ் என்றைக்கானாலும் நழுவும், நழுவினால் சில நிமிடத்துக்குள் கியர்பெட்டி காலி. ஹோஸை மேட்டைத் தாண்டி 25 மி.மீ. உள்ளே தள்ளி, கிளாம்ப்பை மேட்டுக்குப் பின்னால் இறுக்குங்கள். பட்டையில் துளை உள்ள கிளாம்ப் ரப்பரைக் கடிக்கும். உள்பக்கம் வழவழப்பான, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு வரும் ரகம் நல்லது.

கூலரின் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் மேல் பகுதியில் காற்று தங்கும். ஹோஸ் கூர்மையான தகட்டு விளிம்பில் படும் இடமெல்லாம் உறை போடுங்கள்.

---

பனிப்பாதை எழுதியது:

எண்ணெய் அளவைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூலரும் ஹோஸும் கொஞ்சம் எண்ணெயை விழுங்கும், அளவைப் பொறுத்து அரை லிட்டர் சுமார். கையேட்டில் சொன்ன ரகத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். டெக்ஸ்ரான் 6 கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூஎஸ் கேட்டால் அதுவே. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டி என்றால், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டி சமதளத்தில் நிற்க, குறிப்பிட்ட சூட்டில் அளவுத் திருகைத் திறந்து பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது 35 முதல் 45 டிகிரிக்குள் வரும். 70, 80ல் பார்த்தால் எண்ணெய் விரிந்து, குறைவாக இருப்பதும் சரியாக இருப்பதாகக் காட்டும்.

---

ஏற்றக்காரன் எழுதியது:

எல்லாம் முடிந்து, அதே பாரத்தோடு அதே மலையில் ஏறிப் பார்த்துவிட்டேன். உச்ச அளவு 107. மேனுவலில் ஒரு கியர் குறைத்து ஏறினால் 101க்கு மேல் போகவில்லை. நெடுஞ்சாலையில் 82. நெரிசலில் 91. விளக்கு எரியவில்லை, கியர் மாறுவதும் கடைசிவரை ஒரே மாதிரி. எண்ணெயையும் மாற்றியாயிற்று. கியர்பெட்டியின் அடித்தொட்டியில் இருந்த காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டும்தான், செதில் எதுவும் இல்லை.

கீழே அட்டை விரித்து வைத்திருந்ததில் மறுநாள் ஒரு சொட்டு தெரிந்தது. கூலரின் வெளிவாய்க் கிளாம்ப் சூட்டில் இளகியிருந்தது. ஒரு சுற்று இறுக்கியதும் நின்றுவிட்டது.

---

திருகுச்சாவி எழுதியது:

அருமை தம்பி. அந்தக் காந்தத்துக் குழம்பு சாதாரணத் தேய்மானம்தான். ரப்பர் முதல் சில சூட்டிலும் ஆறலிலும் படிந்து அமரும், அதனால் இன்னொரு முறை மலை ஏறி இறங்கியதும் எல்லாக் கிளாம்ப்பையும் திரும்பப் பாருங்கள்.

---

சுழல்பட்டை எழுதியது:

என்னுடையது சிவிடி, அதாவது கியருக்குப் பதில் பட்டையும் கப்பியும் வைத்த ஆட்டோமேட்டிக். இதே வேலை எனக்கும் பொருந்துமா? நீண்ட ஏற்றத்தில் திடீரென்று இன்ஜின் சுற்று கட்டுப்பட்டு வண்டி இழுக்க மறுக்கிறது.

---

திருகுச்சாவி எழுதியது:

பொருந்தும். எண்ணெய் சூடானால் பட்டையையும் கப்பிகளையும் காப்பாற்றக் கணினியே சக்தியைக் குறைத்துவிடும், அதைத்தான் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் பல சிவிடிகளில் எண்ணெய்க் குழாய் ரேடியேட்டருக்குப் போகவே போகாது. கியர்பெட்டி மேலேயே கைக்கடக்கமான ஒரு தகட்டுப் பெட்டி இருக்கும், கூலண்ட் அங்கே வந்து போகும். அதில் வெளிக் கூலரை இணைக்க உங்கள் மாடலுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும், கிடைக்காவிட்டால் வெட்டி ஒட்ட முயல வேண்டாம். எண்ணெயும் சிவிடிக்கு உரியதுதான், சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான எண்ணெய் (ஏடிஎஃப்) ஒரு சொட்டும் கூடாது.

உலர் கிளட்ச் வைத்த இரட்டைக் கிளட்ச் வண்டிக்கும், மேனுவல் பெட்டியைக் கணினியே இயக்கும் ஏஎம்டிக்கும் இந்தக் கூலர் உதவாது. அங்கே சூடாவது கிளட்ச் தட்டு, அதைத் தொட்டு ஓடும் எண்ணெயே கிடையாது.